அக்கா கேட்ட சத்து மாத்திரை: புற்றுநோய் வராமல் இருக்க எதில் பணம் போடலாம்?

அக்காவின் மாமியாருக்குக் காரியம் முடிந்து நாலு நாள்கூட ஆகவில்லை, குடியாத்தத்திலிருந்து அக்கா போன் செய்தாள். "வீட்ல எல்லாருக்கும் இனிமே சத்து மாத்திரை போட்டுடலாம்னு இருக்கோம். மாசம் ஆயிரத்தைந்நூறு ஒதுக்கிட்டேன். நீ மெடிக்கல்லதானே இருக்க, கேன்சர் வராம இருக்க எது நல்லதுன்னு பார்த்து அனுப்புடி." அத்தைக்கு வந்தது மார்பகப் புற்றுநோய். மார்பில் கட்டி தட்டுப்பட்டதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லாமலே இருந்துவிட்டார். வேலூருக்குக் கூட்டி வந்தபோது அது கல்லீரல் வரைக்கும் போயிருந்தது.

நான் வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு மருந்துக்கடையில் பத்தொன்பது வருடமாக நிற்கிறேன். டி.ஃபார்ம், அதாவது மருந்தாளுநர் படிப்பு படித்தவள், மருத்துவர் இல்லை. இந்தக் கேள்வி எனக்குப் புதிதும் இல்லை. எங்கள் ஊர் மருந்துக்கடைப் பலகைகளில் வங்காளமும் இந்தியும்கூட இருக்கும். அவ்வளவு தூரத்திலிருந்து இங்கே சிகிச்சைக்கு வருகிறார்கள். சீட்டில் இருப்பதையெல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்ட பிறகு, நோயாளிக்குத் துணையாக வந்தவர் கொஞ்சம் தயங்கி நிற்பார். "இது எங்களுக்கு வராம இருக்க ஏதாவது இருக்கா?" வார்டில் அவர் பார்த்ததெல்லாம் அந்தக் கேள்விக்குள் இருக்கும். அப்படிப் பயந்து நிற்கிறவரிடம் ஒரு டப்பாவை எடுத்து நீட்டுவது ரொம்பச் சுலபம். நானும் பல வருடம் நீட்டியிருக்கிறேன்.

அதனால் அக்காவுக்கு எதையும் அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே பஸ் ஏறிப் போனேன். அவர்கள் வீட்டில் ஐந்து பேர். அக்காவுக்கு நாற்பத்தாறு. மாமாவுக்கு ஐம்பத்து நாலு. கைலி வியாபாரம், ஒரு நாளைக்கு ஒரு கட்டுக்குக் குறையாமல் பீடி. அக்காவின் மாமனாருக்கு எழுபத்தாறு. பையன் காலேஜ், பெண் எட்டாம் வகுப்பு, பதின்மூன்று வயது. இந்த ஐந்து பேருக்கும் ஒரே மாத்திரை பொருந்தும் என்று நினைத்ததில்தான் முதல் தப்பு இருந்தது.

மாமா தனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தே வைத்திருந்தார். யாரோ சிநேகிதர் கொடுத்த காலி அட்டை. ஆன்டி ஆக்சிடன்ட் கேப்ஸ்யூல், உடம்பின் செல்கள் சிதையாமல் காக்கும் என்று சொல்லி விற்பது. "பீடிய விட முடியல. அதுக்கு ஈடா இதப் போட்டுக்கலாமேன்னு பார்த்தேன்" என்றார். அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் முதல் வரியிலேயே பீட்டா கரோட்டின் இருந்தது.

இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ஏனென்றால், கடையில் இருக்கிற எல்லாச் சத்து மாத்திரைகளிலும் தப்பான ஆளிடம் போய்ச் சேர்ந்தால் கெடுதல் செய்யும் என்று உறுதியாக நிரூபிக்கப்பட்டது இதுதான். அதை விரும்பிக் கேட்டு வாங்குகிறவர்களும் பெரும்பாலும் அந்தத் தப்பான ஆட்கள்தான்.

கேரட், கீரை, பப்பாளி, மாம்பழத்துக்கு நிறம் கொடுக்கிற பொருள்களில் ஒன்று பீட்டா கரோட்டின். காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கும், ரத்தத்தில் பீட்டா கரோட்டின் அதிகமாக இருக்கிறவர்களுக்கும் நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. சரி, அப்படியானால் அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் 1985இல் ஒரு பெரிய சோதனையைத் தொடங்கினார்கள். 50 முதல் 69 வயது வரை உள்ள, புகைபிடிக்கிற 29,133 ஆண்கள். சிலருக்கு தினமும் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின், சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு இரண்டும், மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிறவருக்கும் தெரியாது. 1994இல் முடிவு வெளியானது. பீட்டா கரோட்டின் எடுக்காத பாதிப் பேரில் 402 பேருக்கு நுரையீரல் புற்றுநோய். எடுத்த பாதிப் பேரில் 474 பேருக்கு. குறையும் என்று கொடுத்தது 18 சதவீதம் கூட்டியிருந்தது.

அமெரிக்காவிலும் அதே காலத்தில் இன்னொரு சோதனை நடந்துகொண்டிருந்தது. புகைபிடிப்பவர்கள், முன்பு புகைபிடித்தவர்கள், ஆஸ்பெஸ்டாஸ் தூசியில் வேலை செய்தவர்கள் என்று 18,314 பேர். இங்கே பீட்டா கரோட்டின் 30 மில்லிகிராம், கூடவே வைட்டமின் ஏ. மாத்திரை எடுத்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதம் அதிகம், மொத்த மரணமும் 17 சதவீதம் அதிகம் என்று தெரிந்ததும், 1996 ஜனவரியில், முடிக்க இன்னும் 21 மாதம் இருக்கும்போதே அதை நிறுத்திவிட்டார்கள். ஒரு சோதனையில் தற்செயலாக நடந்தது என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. இரண்டு நாடு, இரண்டு குழு, ஒரே முடிவு.

"அப்போ கேரட்டு?" என்று அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. 20 மில்லிகிராம் என்பது கிட்டத்தட்ட கால் கிலோ கேரட்டில் இருக்கிற அளவு. யாரும் தினமும் அவ்வளவு கேரட்டை வருடக்கணக்கில் தின்பதில்லை. தின்றாலும், மென்று செரித்து அதில் கொஞ்சம்தான் ரத்தத்துக்குள் போகும். எண்ணெயில் கரைத்துக் கேப்ஸ்யூலில் அடைத்தது அப்படியில்லை. ரத்தத்தில் அதன் அளவைப் பல மடங்கு ஏற்றிவிடும். புகை போய்ப் போய் ஏற்கெனவே புண்ணாகிக் கிடக்கிற நுரையீரலில் அது சிதைந்து வேறு பொருள்களாக மாறி, செல்களைத் தாறுமாறாக வளரத் தூண்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் விளக்குகிறார்கள். புகைபிடிக்காதவர்களுக்கு இந்தக் கெடுதல் தெரியவில்லை. 22,071 அமெரிக்க ஆண் மருத்துவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டு வருடம் எடுத்துக்கொண்ட சோதனையில் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. அவர்களில் புகைபிடிப்பவர்கள் ரொம்பக் குறைவு.

இதை நான் 1994இலோ 1996இலோ படிக்கவில்லை. கடையில் சேர்ந்து பல வருடம் கழித்துத்தான் படித்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் கடைக்கு ஒரு ஆட்டோக்காரர் வருவார், ஓயாத பீடி. மாதாமாதம் இதே வகைக் கேப்ஸ்யூலை என் கையால் வாங்கிப் போனார். இரண்டு வருடம். "இருமலுக்கும் இது நல்லதுதானேம்மா" என்பார், நானும் தலையாட்டுவேன். அப்புறம் ஒருநாள் அவருடைய சம்சாரம் வேறு மருந்துச் சீட்டோடு வந்தார். நுரையீரல். கேப்ஸ்யூலால்தான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பீடி ஒன்றே போதும். ஆனாலும் "பீடியை விடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டிய இருபத்து நாலு மாதமும் நான் அவருக்குத் தைரியத்தை அட்டை அட்டையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம்தான் அட்டையின் பின்பக்கத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

மாமாவிடம் இதை முழுதாகச் சொன்னேன். மாத்திரை எதுவும் வேண்டாம், இந்த ஒன்று மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். ஏற்கெனவே சிலதைப் போட்டிருந்தாலும் பயப்படாமல் இருக்க ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: பின்லாந்தில் மாத்திரையை நிறுத்திய பிறகு, அதனால் கூடியிருந்த அபாயம் சில வருடங்களில் வடிந்துபோனது.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த பச்சை நிற வைட்டமின் ஈ கேப்ஸ்யூல், 400 யூனிட். முகத்தில் தடவ வாங்குகிற பெண்களை விட்டுவிடுங்கள். தினமும் விழுங்குகிற பெரியவர்களைப் பற்றிச் சொல்கிறேன். தாத்தாவுக்கு, அதாவது அக்காவின் மாமனாருக்கு, புராஸ்டேட் (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி) பயம் இருந்ததால் அவர் அதைக் கேட்டிருந்தார். வைட்டமின் ஈயும் செலீனியம் என்ற தாதுவும் புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்கும் என்ற நம்பிக்கைக்கு ஒருகாலத்தில் அடிப்படை இருந்தது. அதை உறுதிசெய்யவே 2001இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் 35,533 ஆண்களை வைத்துச் சோதனை தொடங்கினார்கள். பயன் தெரியவில்லை என்று 2008இல் மாத்திரையை நிறுத்தினார்கள். நிறுத்திய பிறகும் அந்த ஆட்களைத் தொடர்ந்து கவனித்ததில், 2011இல் தெரிந்தது இது: வெற்று மாத்திரை சாப்பிட்ட ஆயிரம் பேரில் ஏழு வருடத்தில் 65 பேருக்கு புராஸ்டேட் புற்றுநோய் வந்தது, வைட்டமின் ஈ மட்டும் சாப்பிட்ட ஆயிரம் பேரில் 76 பேருக்கு. அவர்கள் கொடுத்ததும் 400 யூனிட்தான். தாத்தா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ எனக்கு வேணாம்மா" என்று அவரே சொல்லிவிட்டார்.

நியாயமாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். சீனாவில் லின்சியான் என்ற பகுதியில் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ, செலீனியம் மூன்றையும் குறைந்த அளவில் சேர்த்துக் கொடுத்தபோது புற்றுநோய் மரணம் 13 சதவீதம் குறைந்தது. 1993இல் வெளியான இந்தச் சோதனையில் சுமார் 30,000 பேர். பல சத்துகள் ரத்தத்திலேயே குறைந்துபோயிருந்த ஏழைக் கிராமங்கள் அவை. வயிறு, உணவுக்குழாய்ப் புற்றுநோய் மிக அதிகமாக இருந்த இடமும்கூட. காலியாக இருந்த பாத்திரத்தை நிரப்பினார்கள், பலன் இருந்தது. நிரம்பிய பாத்திரத்தில் ஊற்றினால் வழிகிறது, சில சமயம் கெடுதலும் செய்கிறது. அதனால் "சத்து மாத்திரை நல்லதா?" என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது, "உங்களுக்கு எது குறைவு என்று பார்த்தீர்களா?" என்பதுதான்.

மல்டி வைட்டமினுக்கு வருவோம். அக்கா மனதில் இருந்தது இதுதான். விற்பனையிலும் இதுதான் முதலிடம். இதில் என் தீர்ப்பு அவ்வளவு கடுமையானதில்லை. 50 வயதுக்கு மேற்பட்ட 14,641 ஆண் மருத்துவர்களில் பாதிப் பேர் அமெரிக்காவில் சுமார் பதினொரு வருடம் தினம் ஒரு மல்டி வைட்டமின் எடுத்தார்கள். 2012இல் வந்த முடிவில், புற்றுநோய் 8 சதவீதம் குறைந்திருந்தது. விளம்பரங்களுக்கு இந்த 8 போதும். ஆனால் அதை ஆட்களின் எண்ணிக்கையில் சொன்னால், வருடத்துக்கு ஆயிரம் பேரில் 18.3 என்று இருந்தது 17 ஆனது. புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கையில் உறுதியாகச் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. அதன்பின் பெண்களையும் சேர்த்து 21,442 பேரிடம் சுமார் மூன்றரை வருடம் சோதித்து 2022இல் வெளியிட்டபோது அந்தச் சின்ன நன்மையும் தென்படவில்லை. 2024இல் சுமார் 3,90,000 அமெரிக்கர்களை இருபது வருடத்துக்கு மேல் கவனித்த கணக்கு வந்தது. தினமும் மல்டி வைட்டமின் எடுத்தவர்கள் கூடுதலாக வாழவில்லை. பணம் தவிர பெரிய இழப்பு இல்லை, எதிர்பார்க்கும்படி லாபமும் இல்லை. சரியாகச் சாப்பிட முடியாத வயதானவருக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்தால் தாராளமாகப் போடலாம். புற்றுநோய்க்குக் காப்பு என்று நினைத்துப் போட வேண்டாம்.

இந்த டப்பாக்களில் குரோமியம் என்று ஒரு வரி இருக்கும். எங்கள் பக்கத்து ஆட்கள் அதைப் பார்த்தால் பதறுகிறார்கள். பதறாமல் என்ன செய்வார்கள்? ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கிற குரோமேட் தொழிற்சாலையின் கழிவு மேட்டைப் பார்த்தவர்கள், தோல் பதனிடுகிற ஷாப் தண்ணீரால் கிணறு கெட்டவர்கள். அந்தக் கழிவில் பயப்பட வேண்டியது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியானது. மாத்திரையில் மைக்ரோகிராம் கணக்கில் இருப்பது மூன்று இணைதிறன் கொண்டது, வேறு குணம். அந்த ஒரு வரிக்காகப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் கிணற்றுத் தண்ணீருக்காகக் கவலைப்படுகிறவர் அந்தக் கவலையை விட்டுவிடக் கூடாது. அதை எந்தச் சத்து மாத்திரையும் சரிசெய்யாது.

வைட்டமின் டி பற்றி எங்கள் ஊரில் எல்லோரும் கேட்பது ஒன்றேதான்: "இந்த வெயில்ல எங்களுக்கு எப்படிக் குறையும்?" குறையத்தான் செய்கிறது. வெயிலுக்குப் பயந்து காலை ஒன்பது மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம், கடையிலும் ஷூ கம்பெனியிலும் கூரைக்கடியில் இருக்கிறோம், வெளியே போனால் உடம்பு முழுக்க மூடிக்கொண்டு போகிறோம். குறைவு இருந்தால் எலும்புக்காக மருந்து எடுத்தே ஆக வேண்டும். அதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை.

புற்றுநோயைத் தடுக்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் 25,871 பேரில் பாதிப் பேருக்கு தினமும் 2,000 யூனிட், ஐந்து வருடத்துக்கு மேல் கொடுத்தார்கள். டி எடுத்தவர்களில் 793 பேருக்குப் புற்றுநோய், எடுக்காதவர்களில் 824 பேருக்கு. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம் அது. புற்றுநோய் வந்தவர்களில் டி எடுத்தவர்கள் சற்றுக் குறைவாக இறந்தார்களோ என்று ஒரு சாயல் தெரிந்தது. நம்பிச் சொல்லும் அளவுக்கு இல்லை. எங்களுக்கு இன்னும் நெருக்கமானது ஆஸ்திரேலியாவில் நடந்தது. அங்கே 60 வயதுக்கு மேற்பட்ட 21,315 பேரில் பாதிப் பேருக்குக் கொடுத்தது மாதம் ஒரு முறை 60,000 யூனிட். நம் கடைகளில் பாக்கெட்டாகவும் கேப்ஸ்யூலாகவும் விற்கிறதே, அதே 60,000. ஐந்து வருடம் கொடுத்தும் மரணம் குறையவில்லை என்று 2022இல் அறிவித்தார்கள்.

இந்த அறுபதாயிரத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாரம் ஒன்று, எட்டு வாரம் என்று எழுதிக் கொடுத்திருப்பார்கள். வீட்டுக்குப் போய் மற்ற மாத்திரைகளோடு தினம் ஒன்று போட்டுவிட்டு, வாந்தி, குழப்பம், சிறுநீரகக் கோளாறு என்று திரும்பி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீரில் கரைகிற வைட்டமின் அதிகமானால் சிறுநீரில் பெரும்பாலும் போய்விடும். ஏ, டி, ஈ, கே அப்படிப் போவதில்லை, உடம்பிலேயே தங்கும். இப்போது நான் பாக்கெட்டின் மேலேயே பேனாவால் கிழமையை எழுதிக் கொடுக்கிறேன்.

மற்றவற்றை அக்காவுக்கு வேகமாகச் சொல்லி முடித்தேன். கால்சியம் எலும்புக்கு. டியோடு சேர்த்து 36,282 பெண்களில் பாதிப் பேருக்கு ஏழு வருடம் கொடுத்தும் குடல் புற்றுநோய் குறையவில்லை, சிறுநீரகக் கல் கொஞ்சம் கூடியது. வைட்டமின் சி மாத்திரை தடுக்கவில்லை. ஃபோலிக் அமிலம் கர்ப்பிணிகளுக்கு அவசியம். ஆனால் குடலில் பாலிப் என்கிற சதை முளையை எடுத்தவர்களுக்கு, திரும்ப வராமல் இருக்க தினமும் 1 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்ததில் பயன் இல்லை. அமெரிக்காவில் நோய்த்தடுப்புக்குப் பரிந்துரை சொல்கிற பணிக்குழு 2022இல் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ இரண்டையும் புற்றுநோய்த் தடுப்புக்காக எடுக்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டது. மல்டி வைட்டமினுக்கு ஆதாரம் போதாது என்றது.

இதையெல்லாம் கேட்டுவிட்டு எல்லா மாத்திரையையும் தூக்கிப் போடக் கூடாது. அக்காவுக்கு ரத்தசோகை உண்டு. அவளுடைய இரும்பு மாத்திரை மருந்து, ஆடம்பரம் இல்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் பல வருடம் எடுக்கிறவர்களுக்கும், முட்டை பால்கூடத் தொடாதவர்களுக்கும் பி12 குறையலாம். பரிசோதித்துப் போட வேண்டும். ஆனால் இரும்பிலும் ஒரு அபாயம் ஒளிந்திருக்கிறது. ஐம்பதைத் தாண்டிய ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ காரணமில்லாமல் ரத்தம் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ எங்கேயோ ரத்தம் கசிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அது சில சமயம் குடல் புற்றுநோயின் முதல் அடையாளம். கடையில் தானே இரும்பு டானிக் வாங்கிக் குடித்து, ரத்த அளவை மேலே கொண்டுவந்துவிட்டால், அந்த அடையாளம் மறைந்துபோகும். மாத்திரையால் வருகிற தீமையில் இப்படி நேரத்தைத் தின்பதும் ஒன்று. ஏற்கெனவே சிகிச்சையில் இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: கீமோவோ கதிர்வீச்சோ நடக்கும்போது ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரை அந்தச் சிகிச்சைக்கே குறுக்கே நிற்கலாம். உங்கள் டாக்டரிடம் சொல்லாமல் ஒன்றையும் போடாதீர்கள்.

"சரி, மாத்திரை வேணாம். அப்போ அந்த ஆயிரத்தைந்நூறு?" அக்கா விடுகிறவள் இல்லை.

சாப்பாட்டில் போடலாம். ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. ஐந்து பேருக்கு இரண்டு கிலோ காய். அக்கா வீட்டில் அன்றைக்கு அரை கிலோ கத்தரிக்காயும் இரண்டு உருளைக்கிழங்கும்தான் இருந்தன. எங்கள் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது; அந்தப் பெருமையெல்லாம் சரி, அது மட்டும் போதாதே. முருங்கைக்கீரை கொல்லையிலேயே நிற்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் கேழ்வரகுக் களி, கீரைக் கடைசல் என்று நம் பாட்டிகள் சாப்பிட்டதற்குத் திரும்பினால் நார்ச்சத்து தானாக வந்துவிடும். முழுத் தானியமும் நாரும் குடல் புற்றுநோய் அபாயத்தைக் குறைக்கின்றன என்பதற்கு மாத்திரையைவிட நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் உணவையும் நான் தாயத்து மாதிரிக் கட்டிவிடவில்லை. கீரை தின்று பீடி குடிக்கிறவருக்குக் கீரை ஈடுகட்டாது.

அதனால்தான், ஒப்பிட்டுப் பார்த்ததில் மேலே வந்தது ஒரு டப்பாவும் இல்லை, காய்கறிப் பையும் இல்லை. அது பரிசோதனையும் தடுப்பூசியும் பீடியை விடுவதும்தான். அதற்குச் சாட்சி நம் மண்ணிலேயே இருக்கிறது. திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது வினிகரை, தடவிப் பார்க்கிற பரிசோதனையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் செய்தார்கள். ஏழு வருடத்தில், பரிசோதனை நடந்த கிராமங்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் மரணம் 35 சதவீதம் குறைவு. 2007இல் வெளியான முடிவு இது. திருவனந்தபுரத்தில் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள், டார்ச் வெளிச்சத்தில் வெறும் கண்ணால். புகையிலை, மது பழக்கம் இருந்தவர்களிடம் வாய்ப் புற்றுநோய் மரணம் 34 சதவீதம் குறைந்தது. மும்பையில் சுமார் ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதிக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பயிற்சி பெற்ற பெண்கள் கையால் மார்பகத்தைத் தடவிப் பார்த்தார்கள். 50 வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றுநோய் மரணம் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. வினிகர், டார்ச், கை. இவ்வளவுதான். முப்பதாயிரம் பேருக்கு வருடக்கணக்கில் மாத்திரை கொடுத்துக் காண முடியாத பலன்.

மும்பைக் கணக்கைச் சொன்னபோது அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். அத்தை மறைத்த எட்டு மாதம் அவளுக்கு ஞாபகம் வந்திருக்கும். நானும் கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை.

முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்த மார்பக, கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் காசில்லாமல் செய்கிறார்கள். பக்கத்து ராணிப்பேட்டையிலும் திருப்பத்தூரிலும் 2023 நவம்பரில், ஈரோடு, கன்னியாகுமரியோடு சேர்த்து, வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் மக்களை அழைத்துப் பரிசோதிக்கிற திட்டத்தை முதலில் தொடங்கினார்கள். அழைப்பு வந்தால் போய்விடுங்கள். வெட்கப்பட்டுத் தள்ளிப்போட்டவர்களின் சீட்டுகளைத்தான் நான் தினமும் கையில் வாங்குகிறேன்.

பெண்ணுக்கு எச்.பி.வி. தடுப்பூசி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தடுப்பது. பதினைந்து வயதுக்குள் ஆரம்பித்தால் ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. சீரம் நிறுவனம் 2023இல் கொண்டுவந்த செர்வாவாக் வெளியில் போட்டால் ஒரு ஊசி சுமார் இரண்டாயிரம் ரூபாய். அரசுத் திட்டத்தில் கிடைக்கிறதா என்று பள்ளியிலும் சுகாதார நிலையத்திலும் முதலில் கேட்டுவிடுங்கள். வெளியில் போட வேண்டியிருந்தாலும் அக்கா ஒதுக்கிய மாத்திரைப் பணத்தில் மூன்று மாதத்துக்குள் இரண்டு ஊசிக்கான காசு சேர்ந்துவிடும். அதற்கப்புறம் அந்த வகையில் செலவே கிடையாது. மாத்திரையோ ஆயுசுக்கும் மாதாமாதம்.

கடைசியாக மாமா. இந்தியாவில் வருகிற புற்றுநோய்களில் சுமார் 27 சதவீதம் புகையிலையோடு தொடர்புள்ளவை என்று 2020இல் தேசியப் பதிவேட்டு அறிக்கை கணித்தது. பீடி சுற்றிப் பிழைக்கிற குடும்பங்கள் உள்ள ஊரில் இதை உரக்கச் சொல்வது சங்கடம்தான். அந்தப் பெண்களுக்கு வேறு பிழைப்பு வர வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் என் மாமா முன்னால் உட்கார்ந்து சொல்லாமல் இருக்க முடியவில்லை. நிகோடின் சூயிங்கம், ஒட்டுப் பட்டை எல்லாம் எங்கள் கடையில் இருக்கின்றன. சத்து மாத்திரைக்கு ஒதுக்கிய பணம் இதற்கு வந்தால் அந்தச் செலவு உண்மையிலேயே புற்றுநோய்க்கு எதிரான செலவு. விட நினைக்கிறவர்களுக்கு இலவச ஆலோசனை எண் ஒன்று இருக்கிறது, 1800112356. அதை அவருடைய போனில் நானே பதிந்து வைத்தேன்.

அக்கா போன புதன்கிழமை அரசு மருத்துவமனைக்குப் போய் இரண்டு பரிசோதனையும் செய்துகொண்டாள். பயப்பட ஒன்றும் இல்லை என்றார்கள். பெண்ணுக்கு முதல் ஊசி போட்டாகிவிட்டது. தாத்தாவுக்கு டி குறைவு என்று தெரிந்து, எட்டு வாரத்துக்கு எட்டு கேப்ஸ்யூல். எட்டிலும் "ஞாயிறு" என்று எழுதிக் கொடுத்தேன். மாமா ஒரு கட்டை அரைக் கட்டாக்கியிருக்கிறார் என்று அக்கா சொல்கிறாள். வாய்ப் பரிசோதனைக்கு இன்னும் வரவில்லை. "சரக்கு வந்திருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்" என்கிறார். வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. காலை ஏழு மணி பஸ்ஸில் குடியாத்தம் போகிறேன், கையோடு அழைத்துப் போக.